இருப்புக்கொள்ளாத இன்னாசி

இன்னாசிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கோயிலில் பூசை நடக்கும்போதுகூட விரல்கள் முழங்காலில் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். யாராவது முறைத்தால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் குதிகால் தொடங்கிவிடும்.

கூடலூரிலிருந்து மலையேறி, பீருமேட்டுப் பக்கம் தோட்டத்து வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மேசை துடைக்கப் போனவன் அவன். அங்கே சனிக்கிழமைதோறும் கோவாக்காரர் லோபோவின் ஜாஸ் பேண்டு வாசிக்கும். அதன் டிரம்மர் கப்பலில் வேலை கிடைத்துச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட வாரம், இன்னாசி துடைக்கிற துணியைத் தோளில் போட்டபடியே போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டான். தட்டு கழுவிக்கொண்டே கேட்டுக் கேட்டு எல்லாம் கைக்குள் ஏறியிருந்தது. லோபோ திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அடுத்த பாட்டைத் தொடங்கினார். அன்றோடு மேசை துடைப்பது போயிற்று.

அறுபத்திரண்டில் இருதயம்மாளைக் கட்டினான். ரோசம்மாள் பிறந்தாள், அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்கள். சனிக்கிழமை ஜீப்பில் மேலே போவான், ஞாயிறு மதியம் இறங்கி வருவான். பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்னால் முதுகில் அவன் தட்டுகிற தட்டில் அதுகள் முழித்துக்கொண்டு சிரிக்கும்.

"தூங்கவைக்கச் சொன்னா ஆடவைக்கிறீகளே" என்று இருதயம்மாள் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கிளப்பில் ஆட ஆளில்லை. லோபோ பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். போகும்போது இன்னாசியையும் கூப்பிட்டார். பிள்ளைகுட்டிக்காரன் அவ்வளவு தூரம் எங்கே போவது? தேனியில் பொன்னுராஜ் என்பவரின் ஏலக்காய்க் கடையில் சேர்ந்தான்.

பொன்னுராஜ் நல்ல முதலாளிதான். ஆனால் கடையில் சல்லடை இருந்தது, தராசுத் தட்டு இருந்தது, தகர டின்கள் இருந்தன. இன்னாசியின் கை எதையும் விட்டுவைக்கவில்லை.

"ஏலே இன்னாசி, யாவாரம் பேசும்போதாவது நிப்பாட்டுடா. வந்தவுக என்ன விலை சொன்னாகன்னே காதுல விழல" என்பார்.

நிறுத்துவான். நிறுத்தினால் மூச்சு முட்டுவது போலிருக்கும். ஒரு நாள் மூட்டைகளோடு மதுரைக்கு அனுப்பினார்கள். சொன்ன இடத்தில் மூட்டைகளை ஒழுங்காக இறக்கிக் கொடுத்தான். லாரி டிரைவர் பால்பாண்டி திரும்பக் கிளம்பியபோது இன்னாசி ஏறவில்லை.

"நான் பெங்களூர் போறேன் பால்பாண்டி. லோபோ இருக்கிற ஹோட்டலுக்கு. வீட்ல சொல்லிரு" என்றான். சொல்லிவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தவன், கடைசியில் ஓடினான்.

அடுத்த வாரமே, சாயங்காலம் ஹோட்டலின் சமையலறைக் கதவுப் பக்கம் அவனைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையுமாக வெளியே வந்தான். பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருதயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சின்னவன் இடுப்பில். மற்ற இரண்டும் சேலையைப் பிடித்துக்கொண்டு.

"எப்படி வந்த?"

"நீங்க வந்த ரயில்லதான். ஆனா நான் எங்கம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

"கடையில என்னால முடியல, இருதயம். படுத்தாக்கூட கை ரெண்டும் தனியா முழிச்சுக்கெடக்கு."

"அது எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுக்கிறவ நானு. போறேன்னு சொல்லியிருந்தா சோறு கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன். எம்புருசன் எங்கன இருக்காகன்னு லாரிக்காரன் வந்தா எனக்குச் சொல்லணும்?"

உள்ளேயிருந்து லோபோ கூப்பிட்டார். சமையல்காரர் இரக்கப்பட்டுக் கதவுக்குள் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இருதயம்மாள் புருஷன் வாசிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். இன்னாசி அடிக்கொருதரம் கதவைப் பார்த்தபடி வாசித்தான். ரோசம்மாள் தம்பியின் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

முடிந்து வந்ததும் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

"எனக்குப் புடிக்கல. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. காலை வைக்கப் போனா தரை நகந்துக்கிற மாதிரி இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதான் புள்ள ஜாஸ்."

"அப்ப உங்களுக்குத் தோதுதான். இருங்க. ஆனா நானும் புள்ளைகளும் இங்கன இருக்கமாட்டோம்."

கூடலூருக்குத் திரும்பி, குமுளி ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அவள் இட்லிக் கடை போட்டாள். இன்னாசி சம்பளத்தை மாதாமாதம் அனுப்பினான், கிறிஸ்துமஸ் முடிந்தும் கோடையிலும் ஊருக்கு வந்தான். வந்த புதிதில் பிள்ளைகளை விட்டு நகரமாட்டான். பத்து நாளானால் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போவான். பெங்களூர் போய்ச் சேர்ந்தாலோ, சின்னவனுக்குச் சளி விட்டதா, ரோசம்மாளுக்குப் பரீட்சை எப்போது என்று அதே நினைப்பு. இப்படியே பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஓடியது.

எண்பத்து மூன்றில் ஹோட்டல்காரர்கள் பேண்டை நிறுத்திவிட்டு இசைத்தட்டைப் போட்டு, கலர் விளக்கில் வந்தவர்களை ஆடவிட ஆரம்பித்தார்கள். லோபோ கோவா போய்விட்டார். இன்னாசி தன் டிரம்ஸைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வீடு அவனில்லாமல் நடந்து பழகியிருந்தது. மாவாட்டுகிற இடத்தில் நின்றால் குறுக்கே நிற்கிறான் என்றார்கள். கடைக்குப் போனால் வாடிக்கையாளர்கள் அவனையும் இட்லி சாப்பிட வந்தவன் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரோசம்மாளுக்கு உத்தமபாளையத்திலிருந்து சம்பந்தம் வந்தது. இருதயம்மாளின் அண்ணன் மரிய ஜோசப் முன்கூட்டியே அடித்துச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, டிரம்ஸ் கிரம்ஸ்னு வாயத் திறக்காதீக. ஹோட்டல் மேனேஜரா இருந்ததாச் சொல்லியிருக்கேன்."

பையனின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். காப்பி குடித்துக்கொண்டே விசாரித்தார். "ஹோட்டல்ல மொத்தம் எத்தனை ரூமு?"

இன்னாசிக்குத் தெரியாது. ஆடுகிற கூடத்தையும் சமையலறை வழியையும் தவிர அந்த ஹோட்டலில் அவன் எதையும் பார்த்ததில்லை. "நெறைய" என்றான். விரல்கள் டம்ளரில் ஓட ஆரம்பித்தன. வாத்தியார் டம்ளரையே பார்த்தார். மரிய ஜோசப் இருமினார்.

இன்னாசி டம்ளரைக் கீழே வைத்தான். "நான் மேனேஜர் இல்லைங்கய்யா. டிரம்ஸ் வாசிக்கிறவன். வேற வேலை எனக்கு ஒழுங்கா வந்ததில்ல."

வந்தவர்கள் சண்டை போடவில்லை. காப்பியை முடித்துவிட்டு எழுந்தார்கள். "கொட்டடிக்கிறவுக வீடுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அலைச்சல் மிச்சம்" என்று பையனின் அம்மா வாசலில் சொன்னது உள்ளே கேட்டது.

ரோசம்மாள் கூடத்துக்கு வந்தாள். "ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியலையாப்பா உங்களால?"

அந்தக் கேள்வி அவனைக் குத்தி எடுத்துவிட்டது. மறுநாள் டிரம்ஸை ஜீப்பில் ஏற்றினான். குமுளியில் கானமேளா என்று மேடைப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற ஒரு குழு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இருதயம்மாள் தடுக்கவில்லை. போகச் சொல்லவுமில்லை.

குமுளியில் அவர்கள் சத்தம் எப்படி என்று காட்டச் சொன்னார்கள். லேசாகத் தட்டிக் காட்டத்தான் உட்கார்ந்தான். கை கேட்கவில்லை. நிறுத்தியபோது ஜீப் டிரைவர்கள் எல்லாம் வாசலில் கூடியிருந்தார்கள். குழுத் தலைவர், "இது விற்கண்டா சேட்டா, நிங்ஙள் வந்நால் மதி" என்றார். விற்க வேண்டாம், ஆளே வந்தால் போதுமாம்.

டிரம்ஸோடு திரும்பி வந்து இட்லிக் கடை முன்னால் இறங்கினான். ரோசம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "விக்கப் போறேன்னீக?"

"அவிங்ககிட்ட வாசிக்க ஆளு இல்லம்மா. என்னையும் சேத்து எடுத்துக்கிட்டாக."

கோபத்தோடு நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். அப்புறமும் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

ரோசம்மாள் மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்தாள். அங்கேயே மருந்துக்கடையில் இருந்த ஒரு பையனை எண்பத்தேழில் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டார் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, இன்னாசி வாயெடுப்பதற்குள், "டிரம்மர். ஊரூராப் போய் வாசிக்கிறாக" என்றாள். அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த வாரம் கட்டப்பனையில் மாதா கோயில் திருவிழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். இன்னாசிக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் இருதயம்மாள் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினாள். ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரை மெல்லப் போகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால், பெரிய டிரம் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னாசி, இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது என்று கேட்டான்.