திருடாத கிதார்

நெவில் எழுந்ததும் எழாததுமாகப் பக்கத்தில் கையை நீட்டினான். தினமும் முதல் வேலையே அதுதான். கிதார் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணையே திறப்பான். இன்று கை பெட்டிக்குள் விழுந்தது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

எதிரே தரையில் ட்ரிக்ஸியும் மோவும் உட்கார்ந்து, அவன் எழுவதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரிக்ஸி அவர்களுடைய இசைக்குழுவின் பாடகி, மோ டிரம் அடிப்பவன். மூவரும் லாட்புரோக் குரோவ் என்ற தெருவில், வீட்டுக்காரன் கைவிட்டுப் போன ஒரு வீட்டில், பூட்டை உடைத்து வாடகையில்லாமல் குடியேறியிருந்தார்கள். மோ ஒரு கோப்பைத் தேநீரை நெவிலின் கையில் திணித்தான். மோ தேநீர் போட்டுக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

"கிதாரு எங்கடா?"

"பயப்படாத. இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றாள் ட்ரிக்ஸி.

"யாரு கண்டுபிடிக்கணும்?"

"போலீஸுதான். நீ வாயப் பொளந்துட்டுத் தூங்கிட்டு இருந்த. காலையில மழைக்கோட்டு போட்டுட்டு ஒரு ஆளு வந்தான். நெவில் இங்கதான் இருக்கானான்னு கேட்டான். அவன்கிட்ட ஒரு கிதாரு இருக்காமே, ஒரு தடவ பாக்கலாமான்னான்."

"ஷூவைப் பாத்தேன் மச்சான், மொகம் தெரியிற மாதிரி பாலிஷ்," என்றான் மோ. "போலீஸத் தவிர எவன் அப்படிப் போடுவான்?"

"அப்புறம்?"

"அப்படி யாரும் இங்க இல்லைன்னு கதவச் சாத்திட்டோம். அவன் தெரு முனை திரும்புனதும் கிதாரத் தூக்கிட்டுப் போயி கால்வாயில போட்டுட்டு வந்துட்டேன். கல்லு மாதிரி உள்ள போயிடுச்சு. நன்றியெல்லாம் வேணாம், ஒரு சிகரெட்டு குடு, போதும்," என்றாள் ட்ரிக்ஸி.

நெவில் திருதிருவென்று விழித்தான். போலீஸ் எதற்கு வர வேண்டும்? அதுதான் அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஏனென்றால் அந்தக் கிதாரை அவன் திருடவே இல்லை. அவன் அம்மா எட்னா, பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டுகிறவள், தவணையில் வாங்கிக் கொடுத்தது அது. வாராவாரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். பாதிகூட இன்னும் தீரவில்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர்களோடு திரிந்த பாட்டுக்காரக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தன் கருவி எப்படி வந்தது என்பதற்கு ஒரு வீரக் கதை இருந்தது. மோவின் டிரம்கள் ஏதோ தேவாலயத்துக் கூடத்தின் பின்கதவு வழியாக வந்தவை. ட்ரிக்ஸியின் ஒலிபெருக்கி, பால்வண்டி இடித்துக் கால் முறிந்ததற்குக் கிடைத்த நஷ்டஈட்டில் வந்தது. மிச்சப் பேர் அரசாங்கம் கொடுக்கும் வேலையில்லாப் படியில் ரொட்டியையும் பீன்ஸையும் தின்று, இரவல் கிதாரில் காலம் தள்ளினார்கள். அவர்கள் நடுவில் ஒருவன் பளபளவென்று சிவப்பாக ஒரு அமெரிக்கக் கிதாரோடு வந்து நின்றால் சும்மா விடுவார்களா? "ஏதுடா இது?" என்று ட்ரிக்ஸி கேட்ட அன்று, "அம்மா வாங்கிக் குடுத்தது" என்பது தொண்டை வரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. "சுட்டுட்டேன். டென்மார்க் தெருவுல, கடைக்காரன் கண்ணு முன்னாடியே." அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று புத்தம்புதுக் கிதாரை பீர் திறப்பானால் கீறி வேறு வைத்தான், மடையன். ஒவ்வொரு கீறலுக்கும் அவனுக்கே நெஞ்சு வலித்தது.

தேநீரைக் கீழே வைத்தான். "இங்க பாரு ட்ரிக்ஸி. நான் அதைத் திருடல. எங்கம்மா தவணையில வாங்கிக் குடுத்தது. சத்தியமா."

ட்ரிக்ஸி அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு மோவைப் பார்த்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சூப்பர்டா. இதையே சொல்லு. மொகத்தையும் இப்படியே பாவமா வச்சுக்க. எந்தப் போலீஸும் நம்பிருவான்."

"நெசமாத்தான் சொல்றேன்."

"பாத்தியா மோ, கண்ணுல தண்ணிகூட வருது. நடிகனாப் போயிருக்கலாம் இவன்."

நெவில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

கால்வாய் பழுப்பாக, எண்ணெய் படிந்து, அசையாமல் கிடந்தது. எந்த இடத்தில் போட்டாள் என்று கேட்காமலே வந்துவிட்டான். துணி காயப்போடும் கழி ஒன்றை எடுத்து வந்து கரையோரமாகக் குத்திப் பார்த்தான். ஒரு சைக்கிள் சக்கரம் வந்தது. அழுகிய நாற்காலி ஒன்று வந்தது. கழி பாதியில் முறிந்தது. கரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

யார் அந்த ஆள்? திருடாத பொருளைத் தேடி எந்தப் போலீஸ் வரும்? கடைக்காரனே திருட்டுப் பொருளை அம்மா தலையில் கட்டிவிட்டானோ? அம்மா தவணையை விட்டுவிட்டாளோ? அவள் அப்படிச் செய்கிறவளே இல்லை, மருந்து வாங்காமல் இருந்தாலும் இருப்பாள். ஒருவேளை தன் பொய்யை எவனாவது நம்பிப் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டானோ? அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. கடையின் கண்ணாடிக் கதவு, கடைக்காரனின் வழுக்கை, தான் ஓடிய ஓட்டம் எல்லாம் அவனுக்கு இப்போது கண்ணுக்குள் தெரிந்தன. அம்மா அதே கடையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டது மங்கலாகத்தான் தெரிந்தது. அட, நிஜமாகவே திருடித்தான் தொலைத்தோமா என்று ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படிக் குழம்பிப் போனான் பாவி.

குழப்பத்தின் அடியில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. கிதார் தண்ணீரில் கிடந்தாலும் தவணை நிற்காது. அம்மா கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அன்று சாயங்காலம் ஒரு மதுக்கடையின் பின்கூடத்தில் கச்சேரி. முதலில் வாசித்த பையன்களிடம் ஒரு கிதாரை இரவல் வாங்கினான். அதுவும் சிவப்புதான். தபாலில் விற்கிற மலிவு ரகம், நரம்பை இழுத்தால் தகரம் போலச் சத்தம். கூடம் நிரம்பி வழிந்தது. கிழிந்த சட்டையும் ஊக்குமாக ஒருவர் மேல் ஒருவர் நின்றார்கள்.

ட்ரிக்ஸி மைக்கைப் பிடித்தாள். "இவன் பேரு நெவ். இவன் கையில இருக்கிறது இரவல். இவனோட கிதாரு என்ன ஆச்சு தெரியுமா? அது திருட்டுக் கிதாரு. போலீஸு மோப்பம் புடிச்சு வீட்டு வாசலுக்கே வந்துட்டான். அதான் கால்வாயில தூக்கிப் போட்டுட்டேன்."

கூடம் அதிர்ந்தது. நெவ், நெவ் என்று கத்தினார்கள். அவர்கள் வழக்கப்படி முன்வரிசை காறித் துப்பிப் பாராட்டியது. நெவில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். கதவோரத்தில், தன் நல்ல நீலக் கோட்டும் தொப்பியுமாக, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவர்.

"செத்தோம்," என்றான் மோ பின்னாலிருந்து. "அவன்தான் அந்தப் போலீஸு."

நெவிலுக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா ஏன் போலீஸோடு வருகிறாள்? அவளையும் பிடித்துவிட்டார்களா? எட்னா கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். முகத்தில் ஊக்குக் குத்தியிருந்த தடியன்கள்கூடத் தானாக விலகி வழிவிட்டார்கள். முழங்கால் உயரமே இருந்த மேடையின் கீழே வந்து நின்றாள்.

"நெவில், அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? எந்தக் கிதாரு திருட்டுக் கிதாரு?"

"அம்மா, இந்த ஆளு யாரு?"

"லட்லோ. பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகர். என்னோட சிநேகிதர். நீ எங்க வாசிக்கிறேன்னு எங்கிட்டச் சொல்லவே மாட்டேங்குற. அதான் இவரப் போய்க் கேட்டுட்டு வரச் சொன்னேன். அப்புறம் இவரே நாலு இடத்துல விசாரிச்சுக் கண்டுபிடிச்சாரு."

"எந்நேரமும் அந்தக் கிதாரப் பத்தியே பேசுவா. ஒரு தடவ பாக்கலாமேன்னு கேட்டேன். தப்பா?" என்றார் லட்லோ.

ட்ரிக்ஸி மைக்கை விட்டுவிட்டுக் குனிந்தாள். "நீங்க யாரு?"

"இவன் அம்மா. அந்தக் கிதார வாங்கிக் குடுத்தவ. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கட்டிட்டு இருக்கவ."

ட்ரிக்ஸியின் முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடருக்கு அடியிலும் முகம் வெளுப்பது தெரிந்தது. "காலையில நீ சொன்னது நெசமாடா?"

"நெசம்னுதான சொன்னேன்."

"ஐயோ," என்றாள் அவள், சத்தமே வராமல்.

எட்னா அவளைப் பார்க்கவில்லை. கால்வாயைப் பற்றியும் கேட்கவில்லை. மகனையே பார்த்தாள். "திருடினேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்க. அதுக்கு வெக்கமா இல்ல. அம்மா வாங்கிக் குடுத்தான்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சா?"

நெவில் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லப் பார்த்தான். அது இன்னொரு பொய்யாகியிருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது, அத்தனை நாளும். கூட்டம் பொறுமையிழந்து கால் தட்டியது. ஒரு பீர்க் குவளை பறந்து வந்து சுவரில் மோதியது.

அவன் மைக்கிடம் போனான்.

"நான் அதைத் திருடல," என்றான். "எங்கம்மா தவணையில வாங்கிக் குடுத்தாங்க. பிஸ்கட்டு ஆலையில பெட்டி ஒட்டுறாங்க. இதோ நிக்கிறாங்க, நீலக் கோட்டு."

கூடம் ஒரு நொடி விழித்தது. கிண்டல் செய்கிறானா, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு எவனோ ஒருவன் "அம்மாவுக்கு ஜே" என்றான், அவ்வளவுதான், கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு ஆரவாரம். இதற்கு முன் எந்தக் குழுவுக்கும் கிடைக்காத அளவுக்கு எச்சில் மழை நெவிலின் மேல் பொழிந்தது. தலை, கழுத்து, காது எதுவும் மிச்சமில்லை.

எட்னா பதறிப் போனாள். உண்மையைச் சொன்னதற்காகத் தன் பிள்ளையை அடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தாள். கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறி, அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"ஏண்டா துப்புறாங்க? நீ என்னடா பண்ணே இவங்கள?"

"புடிச்சிருக்குன்னு அர்த்தம்மா."

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியது கோபமா அழுகையா என்று நெவிலால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்களுக்குப் பைத்தியம் என்று மட்டும் முடிவு செய்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு, அவன் முகத்தையும் காதுக்குப் பின்னாலும் அழுத்தித் துடைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது துடைப்பது போலவே. அவன் அசையாமல் நின்றான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையை அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"சரி, வாசி," என்றாள். "வாராவாரம் எதுக்குக் கட்டுறேன்னு இன்னைக்காவது கேட்டுட்டுப் போறேன்."

நெவில் தன் கையிலிருந்த சிவப்புக் கிதாரைப் பார்த்தான். ட்ரிக்ஸியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வாய்க் கதையையும் பொய்யென்று எடுத்துக்கொண்டு, இதுவே தான் வாங்கிக் கொடுத்தது என்று எட்னா நினைத்திருந்தாள். இது அது இல்லை என்று இன்னொரு முறை சொல்ல இரண்டு பேருக்கும் நா எழவில்லை. எட்னா கீழே இறங்கி லட்லோவின் பக்கத்தில் போய் நின்று, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நெவில் வாசிக்க ஆரம்பித்தான்.