தூது போன ரேடியோ

வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்பதுபோலப் பேசுகிற பெண். மொழி பழகப் பள்ளியிலிருந்து ஒரு கூட்டத்தை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய் ஆளுக்கொரு வீட்டில் தங்கவைப்பது என்று முடிவானதும், டீச்சர் முதலில் சேர்த்தது அவளைத்தான். "இவளை எங்க விட்டாலும் பொழைச்சுக்குவா."

அவளுக்குக் கிடைத்தது சலவைக்கடைக்காரர் வீடு. கீழே கடை, மாடியில் குடித்தனம். அவர் துவைத்து இஸ்திரி போடுவார். மனைவி துணியை வாங்கி அடையாளச் சீட்டுக் குத்தி, வெளுத்ததை மடித்துக் கொடுப்பாள். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். வந்த அன்றே ரேடியோ அவர்களை மாமா, அத்தை என்று கூப்பிட்டுப் பொருளும் சொன்னாள். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் மூச்சுப் பேச்சில்லை. மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார். அத்தையும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 'இந்த நாட்டில் சாப்பிடும்போது கணவன் மனைவி பேசிக்கொள்வது மரியாதைக் குறைவு' என்று அவள் பண்பாட்டுக் கட்டுரையில் எழுதிக் கொடுத்தாள். நல்ல கவனிப்பு என்று டீச்சர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "நான் தங்கியிருக்கிற வீட்ல காது கிழியுதே டீச்சர்" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னது எடுபடவில்லை.

மறுநாள் அத்தை அவளைக் கூப்பிட்டாள்.

"கீழ இருக்கிற மனுஷன்கிட்ட போய்ச் சொல்லும்மா, சூப் ஆறுதுன்னு."

மாமா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ரேடியோ விழித்தாள்.

"எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீ போ."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அத்தையின் தம்பி ஒரு கம்பளிக் கோட்டைத் துவைக்கக் கொடுத்திருந்தார். மாமா அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டார். வெளியே எடுத்தால் கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "கோட்டு அப்படியேதான் இருக்கு, உன் தம்பிதான் ஊதிட்டான்" என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு பேச்சு அறுந்தது.

அதற்கப்புறம் ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அந்த நீலச் சட்டைல கறை இன்னும் போகலன்னு அவர்கிட்ட சொல்லு."

"கறை சட்டைல இல்ல, அவ மூக்குக் கண்ணாடியிலன்னு போய்ச் சொல்லு."

ஏறி இறங்கி ஏறி இறங்கி, புத்தகத்தில் இல்லாத சொல்லெல்லாம் நாக்கில் ஏறிக்கொண்டது. மற்ற பிள்ளைகள் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கத் திணறியபோது, இவள் "அடேயப்பா, பெரிய மேதாவிதான்" என்பதை அந்த மொழியில் உரிய இழுவையோடு சொன்னாள். டீச்சரிடமே சொன்னாள்.

ஒரே ஒரு குறை. அந்த மொழியில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் கடைசியில் மூக்கால் விடுகிற ஒரு சின்ன ஒலி. ஓடுகிற ஓட்டத்தில் அதை அவள் விழுங்கிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டை வாங்கத் தம்பி வருவதாகப் போன் வந்தது.

"என் தம்பிக்கு என்ன பதில் சொல்லப் போறாராம்? கேட்டுட்டு வா."

மாமா இஸ்திரிப் பெட்டியை நங்கென்று வைத்தார். "போய்ச் சொல்லு. கோட்டு சுருங்கினது என் தப்பு இல்லை. நான் மன்னிப்பு கேக்கப்போறதும் இல்லை."

ரேடியோ படிகளைத் தாவி ஏறி, மூச்சிரைக்க ஒப்பித்தாள். "கோட்டு சுருங்கினது அவரு தப்பாம். மன்னிப்பு கேக்கப்போறாராம்."

அத்தையின் கையிலிருந்த தலையணை உறை நழுவியது.

"அவரா சொன்னாரு?"

"அவரேதான் அத்தை."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். காபி கலந்தாள். அதைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போய் அவர் பக்கத்தில் வைத்தாள். மாமா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ விட்டத்தைப் பார்த்தாள். ஒன்றும் புரியாவிட்டாலும் காபி நன்றாக இருந்தது. குடித்தார்.

வாய் நிறையக் காபி இருந்த நேரத்தில் தம்பி உள்ளே வந்தார். "கோட்டு சுருங்கிப்போச்சு, அத்தான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறாருடா" என்று அத்தை முந்திக்கொண்டாள். தம்பி மாமாவைக் கட்டிக்கொண்டார். "அதுக்கென்ன அத்தான், எனக்கும் கொஞ்சம் தொப்பை போட்டுருச்சு."

தம்பி தெரு திரும்பும்வரை மாமா பொறுத்தார்.

"யாருடி மன்னிப்பு கேட்டது?"

"நீங்கதான்!"

"நானா? எப்போ?"

சேர்த்துவைத்த சண்டையெல்லாம் மடை திறந்தது. ரேடியோ நடுவில் புகுந்து, "அத்தை, நான் அந்த 'இல்லை'யை விட்டுட்டேன்" என்றாள், அழாத குறையாக.

"காபியோட பாதிப் படி இறங்கறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் வாயில அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. உன் வாயாலயாவது ஒரு தடவை கேட்டுக்கிட்டேன். நீ தள்ளு, இவரோட எனக்குப் பேச்சு இருக்கு."

கதவைத் திறந்துகொண்டு ஒருவர் போர்வை மூட்டையோடு வந்தார். அவரைக் கவனிக்க ஆளில்லை. ரேடியோதான் மூட்டையை வாங்கிச் சீட்டுக் குத்தினாள்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இப்பதாங்க ராசியானாங்க."

அவர் சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, போர்வைக்கு அவசரமில்லை, மெதுவாக வெளுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.