மூடி விழும் வீடு

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. கிரேக்க நாட்டில், வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் எனக்குக் கீழ்வீடு அரெத்தியுடையது. பிள்ளை பெற்று வந்ததிலிருந்து அங்கே பாத்திர மூடி விழுந்துகொண்டே இருந்தது. கை தவறினால் ஒருதரம் விழும், போகட்டும். இது தினமும். பொறுக்கமாட்டாமல் இறங்கிப் போனேன். தொட்டிலுக்குப் பின்னால் மூடியும் கையுமாக நின்றாள்.

"திடுக்கிடுறாளான்னு பாக்குறேன் அக்கா."

எங்கள் ஊரில் ஞானஸ்நானம் ஆகும்வரை குழந்தைக்குப் பெயர் கிடையாது. கூப்பிட்டுப் பார்க்கப் பெயர் இல்லை, அதனால்தான் மூடி.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "வைரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத..." சீ, பாடப்புத்தகம்.

அடுத்து: "மூத்தவன் ஃபோதிஸ் தின்று மீந்த பால்கஞ்சியை, மாசமாக இருந்த அரெத்தி அதே கரண்டியால் வழித்துத் தின்றாள்." இது இருக்கட்டும். எந்தத் தாய் தின்னவில்லை? பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவன் கொண்டுவந்தது வெறும் மூக்குச்சளி. அவளுக்கு லேசான காய்ச்சல். அந்தக் கிருமி வயிற்றுப் பிள்ளைக்கும் போய்விட்டதென்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. காதைத்தான் அது முதலில் தேடுமாம்.

[கரண்டிதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. முத்தமாகவும் இருக்கலாம். கரண்டி என்பது அரெத்தியின் தீர்ப்பு. நானும் அப்படியே எழுதிவிட்டேன், பாவி.]

3

அரெத்தியின் நாத்தனார் தசூலாவை வில்லியாக்க நினைத்திருந்தேன். வந்தாள், தொட்டிலை எட்டிப் பார்த்தாள், கண்ணேறு படாமலிருக்க "தூ தூ தூ" என்றாள்.

"துப்பாதீங்க அண்ணி!"

"அடியே, காத்துலதான துப்புனேன்!"

"எச்சில் பட்டதெல்லாம் போதும்."

"நாங்கல்லாம் எச்சில்லதான் வளந்தோம். செத்தா போயிட்டோம்?"

அந்நேரம் பார்த்து ஃபோதிஸ் கடித்த ரொட்டியை நீட்டினான். "அம்மா, ஆ." அரெத்தி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு என்னப் புடிக்கல அத்தை," என்றான்.

தசூலா அந்த ரொட்டியை வாங்கித் தின்றாள். அதற்குமேல் அவளை வில்லியாக்க எனக்கு மனசு வரவில்லை.

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

அ. பரிசோதனையில் காது கேட்கிறது.

ஆ. பரிசோதனையில் காது

இல்லை, என்னால் எழுத முடியாது. நல்லவேளை, நடந்தது முதலாவதுதான். கணவன் ஸ்தாதிஸ் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டான். கதையை அங்கேயே முடித்திருப்பேன். பாழாய்ப்போன மருத்துவர் வாசல்வரை வந்து சொன்னார்: "இப்ப கேக்குதும்மா. ஆனா இந்தக் கிருமியால பின்னாடிகூட கொறையலாம். பள்ளிக்கூடம் போற வரைக்கும் அப்பப்ப கொண்டுவந்து காட்டுங்க."

இதற்கு எப்படி ஐயா முடிவு எழுதுவது?

5

அதனால்தான் மூடி இன்னும் விழுகிறது. இன்று அரெத்தி என்னைத் தொட்டிலுக்கு எதிரே நிறுத்தினாள்.

"நீங்க அவ மொகத்தப் பாருங்க அக்கா. நேத்து ரெண்டு தரம் போட்டேன், அசையல. தூக்கமான்னு தெரியல. எனக்குப் பாக்கப் பயமா இருக்கு."

எனக்கு மட்டும் பயமில்லையா? குழந்தை விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். பின்னால் அரெத்தி கையை உயர்த்துகிறாள். மூடி அவள் விரலை விட்டுவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் பாருங்கள். அரெத்தியிடம் சொல்லவேண்டியதும் நீங்கள்தான்.