நூறு கிலோமீட்டர் ஜாஸ்தி

என் தங்கை அஜீஸுன்னிசாவுக்கு ஆகாயத்தில் ஓர் எல்லைக்கல் உண்டு. அது ஜித்தா. உம்ரா யாத்திரைக்காகச் சென்னையில் விமானம் ஏறி அங்கே இறங்கியவள். "அவ்ளோ தூரம் என்னால போக முடியும். அதுக்கு மேல ஒரு அடி ஜாஸ்தின்னாலும் பொண்ணைக் குடுக்க மாட்டேன். அவளுக்குக் காய்ச்சல்னா நான் எப்படிப் போய்ச் சேர்றது?" என்பாள்.

மகள் உமைமாவுக்குப் பிடித்துப்போன தன்சீல் அகமது எங்கள் ஆம்பூருக்குப் பக்கத்துப் பேரணாம்பட்டுப் பையன்தான். ஆனால் வேலை, அடிஸ் அபாபாவில் ஒரு ஷூ கம்பெனியில்.

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே, தங்கை மகன் காஷிஃப் போனில் தூரம் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மீ, சென்னையிலேர்ந்து ஜித்தாவை விட அடிஸ் அபாபா நூறு கிலோமீட்டர் பக்கம் ஜாஸ்தி."

"முடிஞ்சுது. பிரியாணி போட்டு அனுப்பிடு."

உமைமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நூறு கிலோமீட்டர் இன்னா பெரிசு?" என்றேன் நான். "ஈரத்தோலை இழுத்துக் கட்டினா நீளும். எங்க டேனரியில ஒரு எருமைத்தோலை இழுத்தோம். தலை ஆம்பூர்ல, வால் பேரணாம்பட்டுல. நடுவுல ரெண்டு பஸ் ஸ்டாப் வச்சாங்க. ஜித்தாவையும் கொஞ்சம் இழுத்துக்கலாம்."

"பேஜார் பண்ணாதே பாயி. ஜித்தா தோல் இல்ல."

நியாயம்தான். தோலை விட்டுவிட்டு ஊரை யோசித்தேன். ஆம்பூர்க்காரனுக்கு ஒரு கை சென்னைப் பக்கம் என்றால், இன்னொரு கை?

"காஷிஃப், பெங்களூர்லேர்ந்து பாரு."

தட்டினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தட்டினான். "மாமு, கம்மி! அம்மீ சென்னையிலேர்ந்து ஜித்தா போனதை விடவே கம்மி!"

அஜீஸுன்னிசா போனைப் பிடுங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். முந்தானை முகத்துக்குப் போயிற்று.

"அப்போ நான் போய்டுவேன், பாயி."

"போய்டுவே."

"கதவைத் திறடி உமைமா! உன் ஊரு கிட்டதான்."

கதவு அதற்கு முன்பே திறந்திருந்தது.

கல்யாணம் முடிந்து டிக்கெட் போடுகிற அன்று தன்சீல் வந்தான். "மாமு, சென்னையிலேர்ந்து போனா சார்ஜ் கம்மி."

"மெதுவா பேசு மாப்ளே. உன் மாமியார் காதுல விழுந்தா நிக்காஹ்வைத் திருப்பிக் கேப்பா."

பெங்களூர் ஏர்போர்ட்டில் தங்கை தன் மகளைக் கட்டிக்கொண்டாள். "வரும்போதும் இங்கயே இறங்கு. மறந்து சென்னைப் பக்கம் போய்டாதே, தூரமாய்டும்."

மாப்பிள்ளை பேச்சு எடுத்த நாளிலிருந்து சரியாகத் தூங்காதவள், திரும்பும்போது கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் காரில் குறட்டை விட்டாள். அடிஸ் அபாபாவில் இறங்கியதும் உமைமா போன் செய்து, "அம்மீ நல்லா தூங்கினாங்க போலிருக்கே, மாமு. குறட்டை இங்க கேட்டுது" என்றாள்.

கேட்டிருக்கும். பெங்களூர் வழியாகத்தானே போயிருக்கிறது.