ஏழாவது கணக்கு

நான் கணக்கு வாத்தியார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் மனைவி ராகினி சொல்வாள், அதில் தப்பில்லை. 1998-இல் ஆறு மாதமாக என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கிய வேலை ஒன்று உண்டு. இண்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சிகள், படமும் விடையும் சேர்த்து. இங்கிலீஷில் இந்த மாதிரிப் பக்கங்கள் கொட்டிக் கிடந்தன. எங்கேயோ அமெரிக்காவில் ஒரு வாத்தியார் இனாமாகப் போட்டு வைத்ததைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. தமிழில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சரி, நாமே போடுவோம் என்று உட்கார்ந்தேன்.

போட்டு என்ன? ஒரு வாத்தியாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவருக்கு நேரம் இல்லை, இன்னொருவருக்குக் கம்ப்யூட்டர் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒருவராவது பயன்படுத்தட்டும், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடைசி முயற்சியாக எங்கள் மலாக்கா மாநிலத்துக் கணக்காசிரியர்கள் பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை காலை புக்கிட் காத்தில் என்ற ஊருக்கு வரவழைத்தேன். அங்கே என் நண்பன் தங்கராஜு ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினான். வந்தவர்களில் மூத்தவர் திலகவதி டீச்சர். குருபோங்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"தம்பி, எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. நீங்க கூப்பிட்டீங்களேன்னு வந்தேன்லா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மோடம் கீச்சிட்டு முடித்ததும் என் பக்கம் திறந்தது. திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொம்பும் கொக்கியும் முளைத்த ஏதேதோ எழுத்துகள் வரிவரியாகக் கிடந்தன. அப்போதெல்லாம் தமிழ் ஃபாண்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால்தான் திரையில் தமிழ் தெரியும். ஏற்ற வேண்டிய டிஸ்கெட்டை நான் வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"என்ன சேகரன் சார், இது தாய்லாந்து பாஷையா?" என்றார் வந்தவர்களில் ஒருவரான மருதமுத்து சார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தங்கராஜுவிடம் பாய்ந்தேன். "கம்ப்யூட்டர் கிளாஸ்னு பேரு. ஒரு தமிழ் ஃபாண்ட் வெச்சிருக்க மாட்டியா?"

"டேய், நீ சொல்லவே இல்லையேலா!"

உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. வந்தவர்கள் தே தாரிக் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். டிஸ்கெட்டைக் கொண்டுவரச் சொல்ல நான் ராகினிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று திரும்பி வந்தால், திலகவதி டீச்சர் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"படிக்கத்தான் ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றேன் எரிச்சலாக.

"எழுத்துதான் இல்ல. நம்பர் இருக்கு, படம் இருக்கு. கணக்குக்கு வேற என்ன வேணும்?" என்றவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இந்த ஏழாவதைப் பாருங்க. முக்கோணம். அடிப்பக்கம் பன்னெண்டு, உயரம் ஏழு. பரப்பளவு எண்பத்து நாலுன்னு போட்டிருக்கீங்க. பாதியை எங்க தம்பி விட்டீங்க?"

வாக்குவாதம் செய்யத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனம் கணக்கைப் போட்டுவிட்டது. நாற்பத்திரண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் காதைத் திருகியிருப்பேன். ஆறு மாதமாக உலகமே பார்க்கும்படி அதைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

"மத்த பத்தொன்பதும் சரி. போட்டுப் பார்த்துட்டேன்" என்று நோட்டைக் காட்டினார். இருபது கணக்கும் அதில் வரிசையாக இருந்தன. "மூணாவது நல்லா இருக்கு. எங்க பிள்ளைங்க அங்கதான் தடுமாறும்."

தப்பைக் கண்டுபிடித்ததற்காக ஒருவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"எங்க ஸ்கூல் ஆபிஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மா தூங்குது. அந்த ஃபாண்டை வந்து ஏத்திக் குடுங்க" என்றவர், நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "அடுத்த பயிற்சி எப்பப் போடுவீங்க?"

ஆறு மாதத்தில் அதை என்னிடம் கேட்டவர் யாருமில்லை.

"நாளைக்கே டீச்சர்" என்றேன்.