சிறை சென்ற சின்னசாமி

சின்னசாமியின் தலைமாட்டில் மனைவி கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மகள் அருணாதேவி. மகன் விமல்ராஜ் பந்தற்காலைப் பிடித்து நின்றான். பக்கத்து வீட்டுப் பீபி ஜான் சுவரோரம் பாயில். வாசலில் போட்ட முதல் நாற்காலியில், யாரும் சொல்லியனுப்பாமலே வந்த கோபி. கட்சிக்காரர், தலைவருக்கு வலது கை.

கோபி கொண்டுவந்த கண்ணீர் அஞ்சலி பேனரை ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அதை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்? விமல்ராஜ் தலையாட்டிவிட்டான். கோபி கூட்டிவந்த நிருபர் படமெடுத்த பிறகுதான் அருணா நிமிர்ந்து பார்த்தாள். 'தலைவரோடு மூன்று மாதம் சிறையிருந்த தோழர் சின்னசாமி.'

அப்பா சிறைக்குப் போனதே இல்லை.

பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, இணையக் கலைக்களஞ்சியத்தில் திருத்தம் செய்வதையே பிறகு வேலையாக வைத்துக்கொண்டார். தலைவர் மாணவப் பருவத்தில் போராடி மூன்று மாதம் சிறை சென்றார் என்ற வரிக்குப் பின்னால் 'சான்று தேவை' என்று போட்டார். யாரோ எடுத்தார்கள். மறுபடி போட்டார். எட்டு மாதமாக இதே கதை. அந்த மூன்று மாதமும் தலைவர் ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்ததைப் பழைய வருகைப் பதிவேட்டில் பார்த்தவர் அவர். ஆனாலும் வரியை அழிக்கவில்லை. தான் பார்த்தது சான்றாகாது, அச்சில் வந்ததுதான் சான்று என்பார்.

கோபி எழுந்து வந்தார்.

"ஐயா கேட்டுக்கினே இருந்தாரே சான்று, நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்மா." பிறகு விமல்ராஜின் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல இன்னும் டெம்பரவரிதான?"

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது பேனர் படத்தோடு பேப்பர் கிடந்தது. மதியத்துக்குள் கலைக்களஞ்சியக் கட்டுரையில் 'சான்று தேவை' போய், அந்த இடத்தில் செய்தியின் இணைப்பு ஏறியிருந்தது. சாட்சி அப்பாவே. பத்திரிகை மறுப்புப் போட்டாலொழிய அதை அசைக்க முடியாது.

அருணா அப்பாவின் காகிதக் கட்டை எடுத்து, மறுப்புக் கேட்டுப் பத்திரிகை ஆசிரியருக்கு அவர் வழக்கப்படி 'அனுப்புநர்' என்று தொடங்கினாள்.

"உட்டுடுக்கா," என்றான் விமல்ராஜ். "என் வேலை போயிடும். அவருக்கு இனிமே என்ன ஆவப்போவுது?"

கஸ்தூரி, மாமன் மகளாக அவரைக் கட்டிக்கொண்டவள், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அந்த வருசம் பூரா உங்கப்பா எங்க ஊட்ல தங்கித்தான் படிச்சாரு. ஜெயில்ல இருந்தவருக்கு நான் எந்தத் தட்ல சோறு போட்டேன்? அதையும் எழுது. கையெழுத்து நான் போடறேன்."

எழுதி, அம்மாவின் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அப்பா பசை வாங்கியதே இல்லை. சோற்றுப் பருக்கையால்தான் உறை ஒட்டுவார். துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. பீபி ஜான் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேரியரைத் திறந்து, கேட்காமலே நாலு பருக்கை எடுத்துக் கொடுத்தாள்.

விமல்ராஜ் வண்டிச் சாவியை எடுத்தான்.

தபால் அலுவலகத்தில் ஸ்பீடு போஸ்ட் கேட்டாள். உறையின் பின்பக்கம் வீட்டு எண், தெரு, போன் நம்பர் என்று எதையும் விடாமல் எழுதினாள். முத்திரை குத்தி, கடிதம் சாக்குக்குள் விழுந்தது.

ரசீதோடு திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வண்டியை விட்டு இறங்காமல் விமல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் கை போட்டு, கோபி ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

விரல் நுனியில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே அருணா கதவைத் தள்ளினாள்.