பெயர் செதுக்கிய பலகை

வள்ளியம்மாளின் கத்தி, பலகையில் செதுக்கியிருந்த 'டத்தோ' என்ற சொல்லின் முதலெழுத்தில் மாட்டிக்கொண்டது. முட்டைக்கோஸின் அடித்தண்டை அழுத்தி அறுத்துக்கொண்டிருந்தவள், கத்தி நகரவில்லையே என்று இன்னும் சற்று அழுத்தினாள். செதுக்கிய பள்ளத்திலிருந்து திடீரென்று விடுபட்ட கத்தி பக்கவாட்டில் சறுக்கி, கோஸைப் பிடித்திருந்த இடக்கையின் ஆள்காட்டி விரலில் இறங்கிற்று. அவள் கத்தக்கூட இல்லை. "ஐயோ, கோஸு வீணாப் போச்சே" என்றுதான் சொன்னாள்.

அந்தச் சொல்லைத்தான் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த லோகேஸ்வரியால் தாங்க முடியவில்லை. பதினோர் ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவள் வள்ளியம்மாள். காலில் ஒரு கொப்புளம் வந்தாலே ஆற மூன்று மாதம் ஆகும். விரல் பிளந்து வழிந்த இரத்தம், பலகையில் செதுக்கியிருந்த 'உபயம்: டத்தோ ரெங்கசாமி குடும்பத்தினர்' என்ற எழுத்துகளின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தது. அவளுக்கோ கோஸைப் பற்றிய கவலை. லோகேஸ்வரி தன் முந்தானையைக் கிழித்து விரலைச் சுற்றினாள்.

கிள்ளானில் இரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்த முருகன் கோயிலில், வெள்ளிக்கிழமைதோறும் நானூறு பேர் அன்னதானம் உண்பார்கள். அவர்களுக்கான காய்கறியை நறுக்குபவர்கள் பன்னிரண்டு பெண்கள். ஐம்பதுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை. தரையில் பாய் விரித்து, பலகையையும் தரையிலேயே வைத்து, மூன்று மணி நேரம் குனிந்து வெட்டுவார்கள். முடித்து எழும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். இருபத்தேழு ஆண்டுகள் மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இரப்பர் மரத்தை இழைத்துத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற லோகேஸ்வரிக்கு, இது முதல் நாளே கண்ணை உறுத்தியது. தொழிற்சாலையில் மேசை உயரம் அரை அங்குலம் தவறினாலும் மாலையில் முதுகு சொல்லிவிடும். இங்கே மேசையே இல்லை. முதுகு சொல்வதைக் கேட்க ஆளும் இல்லை.

ஆகவே அவளே ஒரு பலகை செய்தாள். அதற்கு முன்பு அளவு நாடாவோடு வந்து, மற்றப் பதினோரு பேரையும் முக்காலியில் அமர்த்தி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்தாள். "என்னாடி லோகா, கல்யாண ரவிக்கைக்கா அளவு எடுக்குற?" என்று பவுனம்மாள் சிரித்தாள். முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்படி நான்கு கால்கள். கால்கள் வழுக்காதிருக்கப் பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் வெட்டிய இரப்பர்த் துண்டுகள். கேரட் உருண்டு ஓடாதிருக்க எதிர்ப்பக்கத்தில் சிறு வரம்பு. வலப்பக்க ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு. திறப்பின் கீழே எவர்சில்வர் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டால், நறுக்கியதைக் கத்தி முதுகால் ஒதுக்கினாலே போதும். நேரே சட்டிக்குள் விழும். பலகையைத் தூக்கவும் வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். அன்று வள்ளியம்மாள் அந்த ஒரே பலகையில் அரைமணி நேரம் வெட்டிவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நின்றவள் தன் இடுப்பைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இன்னும் பதினொன்று வேண்டும் என்றுதான் லோகேஸ்வரி அதன் படத்தைத் தாளில் வரைந்து, ஆலயத் தலைவர் கமலநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது ஒன்றுதான் அவள் செய்த பிழை.

இரண்டு மாதம் கழித்து, டத்தோ பட்டம் பெற்ற பணக்காரர் ரெங்கசாமியின் செலவில், ஒரு லோரியில் இருபது பலகைகள் வந்திறங்கின. கண்ணாடிபோல வார்னிஷ் பூசியவை. அடுக்கி வைக்கத் தோதாக இல்லை என்று கால்களை நீக்கியிருந்தார்கள். உருளும் காயைத் தடுக்கும் வரம்பு அழகைக் கெடுத்ததாம், அதுவும் போயிற்று. உள்ளங்கை அகலத் திறப்பு இரு விரல் நுழையும் துளையாகச் சுருங்கியிருந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் பெயரைப் படிக்கலாம் அல்லவா? பெயர் மட்டும் எதிலும் சுருங்கவில்லை. பலகையின் நட்டநடுவில், நெல்மணி ஆழத்துக்கு, இரண்டு வரியில் செதுக்கியிருந்தார்கள். மஞ்சளும் கீரைச்சாறும் அதற்குள் இறங்கி, எவ்வளவு தேய்த்தும் போகாமல் இரண்டே வாரத்தில் கறுத்தன.

சரி, திருப்பிப் போட்டு வெட்டலாம் என்றால், மறுபக்கத்தில் வேல். அதன் மேல் ஓங்காரம். எந்தப் பெண்ணுக்கு அதன் மேல் கத்தி வைக்கக் கை வரும்? ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் டத்தோ. காய் நறுக்க எந்தப் பக்கமும் இல்லாத ஒரு பலகையைச் செய்து, அதைப் பெண்களுக்கு நன்கொடையாகத் தந்து, அதற்குப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டார்கள். மறுநாள் நாளிதழில் டத்தோவும் கமலநாதனும் ஆளுக்கு ஒரு பலகையை மார்போடு அணைத்துச் சிரித்தார்கள். 'நவீனக் காய்கறிப் பலகைகள் அன்பளிப்பு' என்று தலைப்பு. பழைய பலகைகள் குப்பைத் தோங்குக்குள் போயின. லோகேஸ்வரி செய்த பலகை மட்டும் தப்பியது. உயரம் பொருத்தமாக இருந்ததால், மண்டபத்தில் மைக்குக்கான ஆம்ப்ளிஃபையரை அதன் மேல் வைத்திருந்தார்கள்.

வள்ளியம்மாளுக்கு மருத்துவமனையில் ஐந்து தையல் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலின் வாட்சாப் குழுவில் தலைவரின் செய்தி வந்தது: 'சமையற்கூடப் பெண்கள் இனிக் கவனமாக வேலை செய்யவும்.' கீழே கைகூப்பும் படங்கள் பதினேழு. லோகேஸ்வரி அவற்றை எண்ணினாள். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய்த் தலைவரின் எதிரில் நின்றாள்.

"ஒக்காருங்கக்கா. டத்தோ காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. எவ்ளோ ஆசையாச் செஞ்சி குடுத்தாரு."

"வள்ளியக்காவுக்கு அஞ்சு தையல், தலைவரே."

"பாவந்தான். வயசாய்டுச்சி இல்ல? கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது லா."

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கத்தி டத்தோ பேர்ல மாட்டிக்கிச்சி."

கமலநாதன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். லோகேஸ்வரி சிரிக்காததைக் கண்டபின் நிறுத்தினார்.

"எங்கிட்ட எழைப்புளி இருக்கு. பேர் இருக்குற பக்கத்த மட்டும் எழைச்சிச் சமமாக்கிடறேன். வேல் பக்கம் கை வெக்க மாட்டேன். வெள்ளிக்கிழம உத்திரம், ரெண்டாயிரம் பேரு. அன்னிக்கி இதுல வெட்டுனா இன்னும் எத்தன வெரலு போவும்னு தெரியல."

"டத்தோ பேரையா எழைக்கப் போறீங்க?" அவர் குரல் தாழ்ந்தது. "அக்கா, அடுத்த வருஷம் கிச்சனுக்கே புதுக் கூரை போட்டுத் தர்றேன்னு சொல்லிருக்காரு. உத்திரத்தன்னிக்கி எட்டு மணிக்கு நேர்ல வர்றாரு. கிச்சன்ல ஃபோட்டோ இருக்கு. பேரு தெரியற மாதிரி பலகையெல்லாம் வரிசையா இருக்கணும். முடியலன்னா சொல்லிடுங்க. கேட்டரிங்காரன் லோரியில சாப்பாட்ட எறக்கிட்டுப் போய்டுவான். நீங்கள்லாம் வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்."

ரெஸ்ட். அந்தச் சொல்லை அவர் ஒரு பரிசைப்போல மேசைமேல் வைத்தார். லோகேஸ்வரி திரும்பி நடந்தாள். பன்னிரண்டு பெண்களில் ஏழு பேர் தனியே வாழ்கிறவர்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. வாரத்தில் ஆறு நாள் சுவரோடு பேசிவிட்டு ஏழாம் நாள் வந்து, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து, வெங்காயத்தின் பேரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும் இடம் அது. அதைப் பிடுங்குவதற்கு ஓய்வு என்று பெயர். அவள் வாய் திறந்தால் அவள் ஒருத்தி மட்டும் போகமாட்டாள். பன்னிரண்டு பேரும் போவார்கள். வாய் திறக்காவிட்டால் இன்னொரு விரல் போகும். நான்கு நாள் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இந்தக் கணக்குக்கும் இரண்டு பக்கந்தான். இரண்டிலும் கத்தி வைக்க முடியவில்லை.

உத்திரத்தன்று காலை ஏழு மணிக்கு லோகேஸ்வரி மண்டபத்துக்குள் போனாள். ஆம்ப்ளிஃபையரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். அதற்கடியில் இருந்த தன் பலகையைச் சமையற்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். அதன் மேல், வள்ளியம்மாளின் விரலைப் பிளந்த அதே டத்தோ பலகையைப் பெயர் மேலாகக் கிடத்தி, பையிலிருந்து இழைப்புளியை எடுத்தாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். கட்டுப்போட்ட விரலோடு வந்திருந்த வள்ளியம்மாள் மட்டும், "வேணாம் லோகா. என்னால ஒனக்கு எதுக்கு?" என்றாள்.

முதல் இழைப்பில் வார்னிஷ்தான் வந்தது. இரண்டாவது இழைப்பு முடிவதற்குள் கமலநாதன் வாசலில் நின்றார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"ஆம்ப்ளிஃபையரத் தூக்கிக் கீழ வெச்சது யாரு? அக்கா! என்னா வேல இது? எட்டு மணிக்கு டத்தோ வர்றாரு!"

லோகேஸ்வரி இழைப்புளியை வைத்துவிட்டு, தொடாத பலகையொன்றை எடுத்துத் தரையில் போட்டாள். அதன்மேல் ஒரு முழுக்கோஸையும் ஒரு கத்தியையும் வைத்தாள்.

"இந்த ஒரு கோஸ வெட்டுங்க தலைவரே. எழுத்து மேலயே வெச்சி வெட்டுங்க. முடிச்சிட்டீங்கன்னா நானே கேட்டரிங்காரனுக்கு ஃபோன் போட்டுட்டு வீட்டுக்குப் போய்டறேன்."

"என்னா வெளையாட்டு இது?"

"வெட்டுங்க தலைவரே," என்றாள் பின்னாலிருந்து பவுனம்மாள். "பேப்பர்ல நல்லாத்தானே புடிச்சிருந்தீங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். கோஸை இரண்டாகப் பிளப்பது எளிதாகத்தான் இருந்தது. நிமிர்ந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தண்டை அறுக்கத் தொடங்கினார். கத்தி நின்றது. அசைத்தார், வரவில்லை. அழுத்தினார். கத்தி ஒரு துள்ளுத் துள்ளிப் பலகையைச் சுரண்டிக்கொண்டு போயிற்று. அவர் இடக்கை தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"வெரல மடக்கிக்குங்க தம்பி," என்றாள் வள்ளியம்மாள். "எனக்கு அங்கதான் போச்சி."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் விரலுக்காகத்தான் சொன்னாள். கமலநாதன் அவளுடைய கட்டைப் பார்த்தார். பலகையைத் திருப்பினார், வேல் தெரிந்தது. மறுபடியும் திருப்பி வைத்தார். கத்தியைப் பலகைமேல் வைக்காமல் தரையில் வைத்தார். எழுவதற்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்; தோள் கொடுக்க யாரும் போகவில்லை.

"எட்டு மணிக்கு டத்தோ வர்றாரு," என்றார். இம்முறை அது அதட்டலாக இல்லை. யாரேனும் ஒரு வழி சொல்ல மாட்டார்களா என்று கேட்பதுபோல இருந்தது. லோகேஸ்வரி இழைப்புளியைக் கையில் எடுத்தாள்.

பலகை நகர்ந்தது. வள்ளியம்மாள் எதிரில் வந்து அமர்ந்து, கட்டுப்போட்ட விரலை உயர்த்திக்கொண்டு, மற்ற விரல்களால் பலகையை அழுத்திப் பிடித்தாள். பவுனம்மாள் அடுத்த பலகையைத் துடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் இன்னொன்றை இன்னொருத்தி வைத்தாள். தலைவர் வாசலை விட்டு உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார்கள். தரையில் கிடந்த ஆம்ப்ளிஃபையர் ஊளையிட்டது.

மரம் சுருள் சுருளாக வந்தது. வந்த சுருள்கள் பழைய பலகையின் திறப்பு வழியே, யாரும் தூக்காமல், கவிழ்க்காமல், நேரே சட்டிக்குள் விழுந்தன. பெயர் அவற்றில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் மரம் இல்லை. தெருமுனையில் பெரிய காரொன்றின் ஹாரன் கேட்டது. வள்ளியம்மாள் சட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஒரு 'ட' வடிவத்துக்கு வெயில் நுழைந்தது. ஓட்டையின் ஓரமெல்லாம் காய்ந்த பழுப்பு நிறம்.